முதல் மோட்டார் சைக்கிளாகச் சிறிய எஞ்சின் வண்டியைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வருவதால், விளம்பரத் தாள்களில் காணக் கிடைக்காத விஷயங்களுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். முதல் வண்டி ஓட்டுபவரின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்காமல், அதைச் சாலைக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை அந்தக் கருத்திலிருந்து கிளைத்தவை.

சிறிய எஞ்சின் என்பது எத்தனை சிசி வரை?

எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை என்று எதுவும் இல்லை. பேச்சு வழக்கில் 100 முதல் 160 சிசி வரையிலான வண்டிகளைச் சிறியவை என்கிறார்கள். 200, 250 சிசி வண்டிகளையும் அந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு ஒருமுறை நகரும்போது சிலிண்டருக்குள் கடக்கும் கன அளவைக் கன சென்டிமீட்டரில் சொல்வதைத்தான் சிசி என்கிறோம். சிலிண்டரின் விட்டம் 52.4 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 57.9 மி.மீ. என்றால் கணக்கு 124.9 சிசி என்று வரும்; கடையில் அதை 125 என்பார்கள். இந்த அளவிலான வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர்தான் இருக்கும். அதனால் எஞ்சின் ஒடுக்கமாகவும் எடை குறைவாகவும் இருக்கிறது, பழுது பார்ப்பதும் எளிதாகிறது.

தொடக்கத்திலேயே பெரிய வண்டி வாங்கி, மெதுவாக ஓட்டிப் பழகினால் என்ன?

மெதுவாக ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் புதியவரின் வலது கை அந்த எண்ணத்துக்கு இன்னும் கட்டுப்படப் பழகியிருக்காது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி உடல் பின்னால் தள்ளப்படும்போது, கைப்பிடியைப் பற்றியிருக்கும் கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுகிறது. எட்டு அல்லது பத்துக் குதிரைத்திறன் வண்டியில் இது ஒரு குலுக்கலோடு முடிந்துவிடும். நாற்பது குதிரைத்திறன் வண்டியில் அதே கை அசைவு முன்னால் நிற்கும் வாகனத்தின் மேல் கொண்டுபோய் மோதவைக்கப் போதுமானது. சிறிய எஞ்சின் தவறுகளைத் தடுப்பதில்லை. ஆனால் தவறு நடந்த பிறகு அதைத் திருத்திக்கொள்ள ஓரிரு நொடிகள் கொடுக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிளட்சை விடுவது, கியர் மாற்றுவது, இரண்டு பிரேக்குகளையும் அளவோடு சேர்த்துப் பிடிப்பது ஆகியவை உடம்பில் ஊறுவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை இந்த வேலைகள் ஒவ்வொன்றும் மனத்தின் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருக்கும். மீதமுள்ள பங்கைக் கொண்டுதான் எதிரே வரும் வண்டி திரும்பப் போகிறதா, சாலையோரக் குழந்தை ஓடி வருமா என்பதையெல்லாம் கணிக்க வேண்டும். வண்டியின் கனமும் வேகமும் அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டால், சாலையைப் பார்க்க ஆள் இல்லாமல் போகிறது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை என்பது அதில் கண்டறியப்பட்ட விஷயங்களில் ஒன்று. பொதுவாக வண்டி ஓட்டிய அனுபவம் இருந்தவர்களுக்கும் புதிய வண்டி புதியதாகவே இருந்திருக்கிறது. முழுக்கப் புதியவருக்கு வண்டியும் புதிது, சாலையும் புதிது என்பதால், பழக எளிதான வண்டியைத் தேடுவது கோழைத்தனம் ஆகாது.

சிசி அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. ஒரே 125 சிசியில், நடுத்தரச் சுழற்சியிலேயே (சுழற்சி என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்) நன்றாக இழுக்கும் 10 குதிரைத்திறன் வண்டியும் இருக்கிறது, உச்சச் சுழற்சியில்தான் உயிர்பெறும் 15 குதிரைத்திறன் வண்டியும் இருக்கிறது. முதலாவது, நெரிசலில் கியரைத் தவறாகப் போட்டாலும் பொறுத்துக்கொண்டு முன்னே நகரும். இரண்டாவது, கியர் தவறினால் திணறி நின்றுவிடக் கூடும், சரியாக அமைந்தால் சட்டென்று பாயும். பழகுநருக்கு முதலாவதே ஏற்றது. எனவே உச்சத் திறன் எவ்வளவு என்பதை விட, அது எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது என்பதையும், இழுவிசை (டார்க்) எந்தச் சுழற்சியில் உச்சம் தொடுகிறது என்பதையும் விவரத்தாளில் பாருங்கள். இழுவிசை குறைந்த சுழற்சியில் கிடைத்தால் வண்டி நிதானமாக ஓட்ட இசைந்து கொடுக்கும்.

எடையையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கான ஏ1 உரிமம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 125 சிசி என்ற வரம்போடு அது நின்றுவிடவில்லை. 11 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 15 குதிரைத்திறன், மேலும் ஒரு கிலோ எடைக்கு 0.1 கிலோவாட் என்று மேலும் இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது. அதற்கு அடுத்த படியான ஏ2 உரிமத்தில் சிசி வரம்பே இல்லை. 35 கிலோவாட், ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட் என்ற இரண்டும்தான் முக்கிய அளவுகோல்கள். அந்தச் சட்டம் உங்கள் ஊரில் செல்லாவிட்டாலும், வண்டியை எடைபோட அது கற்றுத்தரும் முறை எங்கும் செல்லும்.

அப்படியானால் 100, 125, 150, 200 ஆகியவற்றுள் எது?

என்னிடம் ஒரே ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னால் 125 என்பேன். 100 முதல் 110 சிசி வண்டிகள் ஏறக்குறைய 8 குதிரைத்திறன் தருபவை. எரிபொருளை மிகக் குறைவாகக் குடிக்கும், கைக்கு அடங்கும், நகருக்குள் எந்தக் குறையும் வைக்காது. ஆனால் மேட்டில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு செல்லும்போதும், விரைந்து செல்லும் வாகனங்களோடு சேர்ந்து ஓட வேண்டியபோதும் திணறும். 125 சிசி வண்டி அந்த இடங்களில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும், அதற்காகப் பழகுநரை அச்சுறுத்தவும் செய்யாது.

150, 160 சிசி வண்டிகள் உடல் பருமனும் உயரமும் உள்ளவர்களுக்கும், நாள்தோறும் நெடுந்தூரம் போக வேண்டியவர்களுக்கும் பொருந்தும். 200 சிசியில் 20 குதிரைத்திறனைத் தாண்டும் வண்டிகள் பல உண்டு. சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவர் அதில் தொடங்குவதை நான் விரும்புவதில்லை, ஏற்கெனவே ஸ்கூட்டர் ஓட்டிச் சாலையறிவு பெற்றவர் தொடங்கலாம்.

கால் எட்டவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டுமா?

முதல் வண்டி என்றால் விட்டுவிடலாம். 125 சிசி வண்டிகளின் இருக்கை உயரம் பெரும்பாலும் 780 முதல் 800 மி.மீ. அளவில் இருக்கும். ஆனால் அந்த எண் பாதிதான் சொல்லும். இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் தரையை எட்டும் அளவு குறைகிறது. முன்பக்கம் ஒடுங்கிய இருக்கையில் கூடுதல் உயரம்கூடத் தெரியாது. ஷாக் அப்சார்பர் மென்மையாக இருந்தால் உட்கார்ந்தவுடன் வண்டி சற்றுத் தாழும். எனவே நீங்கள் வழக்கமாக அணியும் காலணியோடு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு பாதங்களின் முன்பாதியும் ஒரே நேரத்தில் தரையில் உறுதியாகப் பதிய வேண்டும். ஒரு காலையாவது முழுமையாக ஊன்ற முடிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் நுனிவிரலால் ஊன்றியே உயரமான வண்டிகளைச் சமாளிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து நிறுத்துகிறார்கள். அந்தக் கணிப்பு வரும் முன்பே பழகுநருக்கு நிற்க வேண்டி வந்துவிடும்.

நான் கற்றுக்கொண்ட வண்டி எனக்குச் சற்று உயரமானது. சாய்வான ஒரு சாலையில் திரும்பும்போது நிறுத்த வேண்டி வந்தது. தரை தாழ்ந்திருந்த பக்கம் காலை நீட்டினேன், தரை அங்கே இல்லை. வண்டி என் கணுக்காலின் மேல் சாய்ந்தது. எலும்பு முறியவில்லை என்றாலும், அதற்குப் பிறகு பல வாரங்கள் எந்தத் திருப்பத்திலும் மனம் ஒட்டாமல் ஓட்டினேன். உடம்பில் பட்ட காயத்தை விட அந்த அச்சம் ஆற நீண்ட நாள் ஆனது. இருக்கை உயரத்தைப் பற்றி இத்தனை நீளமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

வண்டியின் எடை எவ்வளவு இருக்கலாம்?

110 முதல் 140 கிலோவுக்குள் இருப்பது நல்லது. ஓடும்போது எடை பெரிதாகத் தெரியாது; நிறுத்தும் இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளும்போதும், மெதுவாக வளைக்கும்போதும், சாய்ந்துவிட்டதை நிமிர்த்தும்போதும்தான் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியைப் பத்தடி தள்ளி, திருப்பி, சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். யாருடைய உதவியும் இல்லாமல் அதைச் செய்ய முடிகிற வண்டிதான் உங்களுக்கான வண்டி. எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம்: பெட்ரோல் டேங்க் பெரிதாகவும் உயரமாகவும் உள்ள வண்டி, அதே எடையுள்ள தாழ்ந்த வண்டியை விட எளிதில் சாயும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் தொடங்குவது தவறா?

தவறே இல்லை. சாலையைப் படிக்க அது நல்ல பள்ளி. ஆனால் கியர் வண்டிதான் உங்கள் நோக்கம் என்றால், நேரே அதில் தொடங்குவதும் கடினமல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. 1958-இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியில் கியர் உண்டு, கிளட்ச் பிடி கிடையாது. மையவிலக்கு விசையால் இயங்கும் கிளட்ச் அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். ஐம்பது சிசிக்கும் குறைந்த எஞ்சினோடு தொடங்கிய அந்த வரிசை 2017-இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. இடது கை கிளட்சோடு போராடிச் சோர்ந்துபோகும் பழகுநர்கள் இத்தகைய வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

ஏபிஎஸ், சிபிஎஸ் என்கிறார்களே, சிறிய வண்டிக்கு இவை தேவையா?

சிறிய வண்டிக்கும் தேவை, பழகுநருக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. சிபிஎஸ் என்பது இணைந்த பிரேக். ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றச் சக்கரத்திலும் ஓரளவு பிரேக் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏபிஎஸ், சக்கரம் சுழலும் வேகத்தை உணர்கருவி மூலம் கண்காணித்து, அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அறிந்தவுடன் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தியும் இறுக்கியும் உருளவைக்கிறது. மோட்டார் சைக்கிளில் இது 1988-இல் பிஎம்டபிள்யூவின் கே100 வண்டியில் முதலில் வந்தது. பெரிய வண்டிகளுக்கென்று தொடங்கியது இன்று சிறிய வண்டிகளுக்கும் வந்துவிட்டது.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் சாலையை அழுத்திப் பற்றுகிறது, பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கிலிருந்தே வருகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் உலர்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அதைப் போல இருமடங்குக்கு மேல் ஆகும். இதோடு, ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு நொடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் கடந்திருக்கும். முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கியெறிந்துவிடும் என்று பழகுநர்களை அச்சுறுத்தும் பேச்சு இன்னும் ஓயவில்லை. அதை நம்பியவர்கள், ஆபத்தான நேரத்தில் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன 1981 அறிக்கையும், விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின் சக்கரத்தை அளவுக்கு மீறிப் பூட்டிச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்றே பதிவு செய்தது.

முன் பிரேக்கைத் துணிந்து பிடிக்கப் பழக வேண்டும் என்றால், அளவு மீறினால் காப்பாற்ற ஏதாவது இருக்க வேண்டும். அந்தக் காவலைத்தான் ஏபிஎஸ் தருகிறது. முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டியும் போதுமானதே. இழந்தால் மீட்க முடியாதது முன் சக்கரத்தின் பிடிமானம்தான். உங்கள் பட்ஜெட்டில் கூடுதல் சிசியா, ஏபிஎஸ்ஸா என்ற நிலை வந்தால், தயங்காமல் ஏபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

கார்புரேட்டர் வண்டியா, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியா?

எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு முறைகள் இவை. புதிதாக வாங்கினால் பல இடங்களில் இன்ஜெக்‌ஷன்தான் கிடைக்கும், அதுவே நல்லது. குளிரிலும் மலையுயரத்திலும் கலவையைத் தானே சரிசெய்துகொள்வதால், சிக்னலில் நின்று நின்று போகும் பழகுநருக்கு எஞ்சின் அணைந்துபோகும் தொல்லை குறையும். பழைய கார்புரேட்டர் வண்டி வாங்க நேர்ந்தால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 125 சிசிக்குக் காற்றே போதும்.

பந்தய வண்டியைப் போன்ற தோற்றமுள்ள சிறிய பைக் வாங்கலாமா?

ஆசை புரிகிறது, விருப்பமில்லாத வண்டியை யாரும் அக்கறையோடு ஓட்டிப் பழக மாட்டார்கள். ஆனாலும் அந்தத் தோற்றத்துக்காகக் கைப்பிடியைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். மெதுவாகப் போகும்போது உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். கழுத்து நிமிர்ந்து பின்னால் திரும்பிப் பார்க்கத் தயங்கும். கைப்பிடி முழுதாக வளையாததால் ஒடுங்கிய இடத்தில் திரும்ப முடியாது. மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகைகள் ஒருமுறை சாய்ந்தாலே உடைந்துபோகும், பழகும் காலத்தில் வண்டி சாயவே சாயாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முதுகு நிமிர்ந்து, முழங்கை சற்று மடங்கி, முழங்கால் இயல்பாக வளைந்து உட்காரும்படியான வண்டியை முதலில் வாங்குவதே நல்லது.

சிறிய வண்டியில் நெடுஞ்சாலையில் போகலாமா?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஜப்பானில் 125 சிசியும் அதற்குக் குறைந்தவையும் விரைவுச் சாலைகளில் அனுமதிக்கப்படுவதில்லை. உங்கள் பகுதியின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை. அனுமதி இருந்தாலும், 125 சிசி வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. அளவில் நின்றுவிடும், அந்த வேகத்தில் அது தன் முழு மூச்சையும் செலவழித்துவிட்டிருக்கும், முந்திச் செல்ல மிச்சம் ஏதும் இராது. மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் ஓடும் சாலைகள் என்றால் நாள் முழுவதும் ஓட்டலாம். பெரிய லாரி கடந்து போகும்போது காற்று தள்ளும். அப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, தோள்களைத் தளரவிடுங்கள்.

எப்போது பின்னால் ஒருவரை ஏற்றலாம்?

தனியே ஓட்டிச் சில மாதங்கள் ஆன பிறகு. 120 கிலோ வண்டியில் 60 கிலோ ஆள் ஏறினால் அது வேறொரு வண்டி: நிறுத்தும் தூரம் கூடும், முன்பக்கம் இலேசாகும், நின்ற இடத்தில் அவர் சற்று அசைந்தாலும் நீங்கள் ஊன்றிய காலில் அந்தப் பாரம் இறங்கும். ஏற்றும்போது பின் டயரின் காற்றைக் கையேடு சொல்லும் அளவுக்குக் கூட்டுங்கள்.

புதிய வண்டியா, பழைய வண்டியா?

பழகும் காலத்துக்கு நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியே என் தேர்வு. சாய்ந்தால் மனம் நோகாது, விற்கும்போது இழப்பும் குறைவு. ஆனால் நல்ல நிலை என்பதைக் கண்டறியத் தெரிய வேண்டும், தெரிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டும். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வண்டி எளிதில் கிளம்புவதில்லை என்பதை மறைக்கிறார்களோ என்று ஐயப்பட இடமுண்டு. கிளம்பியபின் சைலன்சரிலிருந்து நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை வந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்திருக்கிறது.

பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, கைப்பிடியை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் அது சிக்கினால் கோன்செட் (கைப்பிடி திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) தேய்ந்திருக்கிறது. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் சீல் போயிருக்கிறது. செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். பல் பாதி தெரியும் அளவுக்கு அது எழும்பினாலோ, பற்கள் கொக்கிபோல் ஒருபக்கம் வளைந்திருந்தாலோ செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கட்டைகள் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய், ஈரச் சாலையில் பிடிமானம் தராது.

வண்டியை நேர்கோட்டில் ஓட்டும்போது அது ஒரு பக்கம் இழுத்தால், அல்லது பின்னாலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் இல்லை என்று தோன்றினால், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்திருக்கலாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்தாவிட்டாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

வண்டிக்கே பணம் சரியாக இருக்கிறது. ஹெல்மெட், கையுறை எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் விட்டுக்கொடுத்து விடை சொல்ல என்னால் இயலாது. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, தடித்த மேல்சட்டை ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். மிஞ்சியதில் வண்டி பாருங்கள். தேவைப்பட்டால் ஒரு படி குறைந்த வண்டியை வாங்குங்கள். கீழே விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். கையுறை இல்லாத உள்ளங்கைக்குச் சாலை என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெல்மெட் உங்கள் நாட்டின் தரமுத்திரை பெற்றதாக இருக்க வேண்டும், உங்கள் தலைக்குப் பொருந்த வேண்டும். அணிந்து, வாரைப் பூட்டி, பின்பக்க அடியைப் பிடித்து முன்னால் உருட்ட முயலுங்கள். கழன்று வந்தால் அது உங்களுடையது அன்று. கன்னச் சதை சற்று அழுந்தும் அளவு இறுக்கமே சரியானது, நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலித்தால் வேறு வடிவம் தேடுங்கள். அடுத்தவர் பயன்படுத்திய ஹெல்மெட்டை வாங்க வேண்டாம். ஒருமுறை மோதலைத் தாங்கியபின் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, அடுத்த மோதலைத் தாங்காது. அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சிறிய வண்டியைப் பராமரிப்பது கடினமா?

மிக எளிது. வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், டயரின் காற்றைப் பாருங்கள். ஏறக்குறைய 500 கி.மீ.க்கு ஒருமுறையும் மழையில் நனைந்த பின்பும் செயினைத் துடைத்து ஆயிலிடுங்கள். செயினின் தளர்வு பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் உண்டு. சிறிய எஞ்சினில் ஆயில் ஒரு லிட்டர் அளவுக்கே இருப்பதால், அரை லிட்டர் குறைந்தாலும் பெரும் குறை. ஆயில் அளவைப் பார்க்க மறக்காதீர்கள். புது வண்டியின் முதல் சர்வீஸைத் தள்ளிப்போட வேண்டாம், புதிய பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும்போது உதிரும் உலோகத்தூள் அந்த முதல் ஆயிலில்தான் சேர்ந்திருக்கும்.

எப்போது பெரிய வண்டிக்கு மாறலாம்?

கிலோமீட்டர் கணக்கைச் சொல்ல நான் தயங்குவேன். கியர் மாற்றியதே நினைவில் இல்லாமல் ஊர் போய்ச் சேர்கிறீர்கள், மழையிலும் இரவிலும் ஓட்டியிருக்கிறீர்கள், அவசரமாக நிறுத்த வேண்டி வந்தபோது கையும் காலும் தாமாகச் சரியாக இயங்கின என்றால் மாறலாம். சிலருக்கு ஓராண்டில் இந்த நிலை வரும். சிறிய வண்டியிலேயே நிறைவு கண்டு, மாறவே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் பலர். அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

வாங்கிய முதல் சில வாரங்களில் என்ன பழக வேண்டும்?

ஆளில்லாத ஒரு திடலில், ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்துங்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை இடது கை அறிந்த பிறகே வலது கைக்கு வேலை கொடுங்கள். அடுத்து, நடந்துபோகும் வேகத்தில் எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகும், கீழே பார்த்தால் கீழேதான் போகும். மெதுவாக வளைக்கும்போது முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை இலேசாக மிதியுங்கள்.

கடைசியாக நிறுத்தப் பழகுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி, நேர்கோட்டில், இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சட்டென்று பறிக்காமல் பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துங்கள். அது கைவந்தபின் 30, பிறகு 40. வேகம் இருமடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை எண்ணாகப் படித்தால் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிக்கத் தொடங்கிய இடத்தில் ஒரு கல்லையும், நின்ற இடத்தில் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, இறங்கி அந்த இடைவெளியை நடந்து பாருங்கள்.